தீர்ப்புக்கு அப்புறம் கிடைச்ச பத்திரம்... அப்பீலில் எடுபடுமா?

சிவகாசியில் ஒரு வீட்டுமனை வழக்கு என்று வைத்துக்கொள்வோம். முன்சீப் கோர்ட்டில் தோற்றாயிற்று. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்யும்போது, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய கிரயப் பத்திரம் கிடைக்கிறது. ‘இதைக் காட்டினா அப்பீல்ல ஜெயிச்சிடலாம்’ என்று மனசு துள்ளும். கொஞ்சம் பொறுங்க!

அப்பீல் என்பது புது விசாரணை கிடையாது. கீழ்க் கோர்ட்டில் வைத்த சாட்சியங்களைக் கொண்டுதான் மேல் கோர்ட் முடிவெடுக்கும். புதிதாக ஒன்றைச் சேர்க்க, 1908-ம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 41, விதி 27 என்று ஒரு குறுகலான வாசல் இருக்கிறது. அதில் நுழைய மூன்று காரணங்களில் ஒன்று வேண்டும்.

* ஏற்றிருக்க வேண்டிய ஆவணத்தைக் கீழ்க் கோர்ட் ஏற்க மறுத்திருக்க வேண்டும்.
* எவ்வளவோ முயன்றும் அது நமக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும், அல்லது தெரிந்தும் அப்போது கொண்டுவர முடியாமல் இருந்திருக்க வேண்டும்.
* தீர்ப்புச் சொல்ல அந்த ஆவணம் தேவை என்று அப்பீல் கோர்ட்டே கருத வேண்டும், அல்லது அதற்கு இணையான வலுவான காரணம் இருக்க வேண்டும்.

டிரங்குப் பெட்டிக்காரருக்கு இரண்டாவதுதான் வழி. ஆனால் சிக்கலும் அங்கேதான். பத்திரம் உண்மையா என்பதற்கு முன்னாடி, ‘அப்பவே ஏன் கொண்டுவரலை?’ என்ற கேள்வி வரும். பதிவான பத்திரம் என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கியிருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். ‘வக்கீல் சொல்லலை’, ‘மறந்துட்டேன்’ என்பதெல்லாம் பெரும்பாலும் எடுபடாது.

தமிழ்நாட்டிலிருந்து போன ஓர் உயில் வழக்கில், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களைக் கீழ்க் கோர்ட்டில் விசாரிக்காமல் விட்டுவிட்டார்கள். அப்பீலில் அனுமதி கேட்டபோது கிடைக்கவில்லை. வழக்கில் விட்ட ஓட்டையை அடைப்பதற்காக இந்த விதி வரவில்லை என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012-ல் வேறொரு வழக்கில், இப்படிப்பட்ட மனுவை அப்பீலின் இறுதி விசாரணையோடு சேர்த்தே பரிசீலிக்க வேண்டும் என்றது. அதனால் மனு போட்ட மறுநாளே பதில் எதிர்பார்க்காதீங்க.

மனுவோடு போடும் பிரமாணப் பத்திரத்தில் யார், எப்போது, எங்கே கண்டெடுத்தார்கள், அதற்கு முன் எங்கெல்லாம் தேடினீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். அலுவலகங்களில் மனு கொடுத்த ரசீது இருந்தால் இணையுங்கள். மனு அனுமதிக்கப்பட்டால்கூட ஜெயித்ததாக அர்த்தமில்லை. ஆவணத்தை நிரூபிக்க வேண்டும், எதிர்த்தரப்புக்கும் மறுக்க வாய்ப்பு உண்டு.

முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு எதிராக அப்பீல் போட 30 நாள்தான். பத்திரத்தைத் தேடுகிறேன் என்று அந்தக் கெடுவைத் தவறவிடாதீங்க. வழக்கு இன்னும் கீழ்க் கோர்ட்டிலேயே நடக்கிறதா? தாமதத்துக்குக் காரணம் சொல்லி அங்கேயே அனுமதி கேளுங்கள். அந்த வாசல் இதைவிட அகலம்.

எல்லாவற்றையும்விட நல்லது, வழக்குக்கு முன்பே தேடுவது. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பட்டாசு ஆலை நடந்த நிலமா? பழைய லைசென்ஸும் அதோடு இணைத்த வரைபடமும்கூட அனுபோகத்தைக் காட்ட உதவலாம். பரணைச் சுத்தம் பண்ணப் பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்!