ட்சூ ஹாங்கின் மூன்று பயணங்கள்

இந்திய ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பிரிகேடியர் மைல்ஸ் ஸ்மீட்டனும் மனைவி பெரிலும் கனடாவின் மேற்குக் கரையோரம் ஒரு தீவில் பண்ணை வாங்கிக் குடியேறியிருந்தார்கள். இங்கிலாந்தில் இருந்த பணத்தை அங்கே கொண்டுபோக முடியவில்லை. போருக்குப் பிந்தைய அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. பணமாகத்தானே போகக் கூடாது, படகாகப் போகலாமே என்று 1951இல் இங்கிலாந்தில் ‘ட்சூ ஹாங்’ என்ற பாய்மரப் படகை வாங்கினார்கள். கனடாவில் விற்றுக் காசாக்குவது திட்டம். இருவருக்கும் பாய் விரித்துப் பழக்கமில்லை. சின்னப் பெண்ணான மகளையும் கூட்டிக்கொண்டு, கடலிலேயே கற்றுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்த பிறகு படகை விற்க மனம் வரவில்லை.

ட்சூ ஹாங் 1938இல் ஹாங்காங்கில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. நீளம் 46 அடி. ‘கெட்ச்’ வகை: முன்னால் உயரமான பாய்மரம், பின்னால் அதைவிடக் குட்டையான இன்னொன்று. இரண்டே பேர் ஓட்டும் படகுக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரே பெரிய பாயாக இருந்தால், காற்று வலுக்கும்போது அதை இறக்க நாலு ஆள் வேண்டும். பரப்பைச் சின்னச் சின்னப் பாய்களாகப் பிரித்துவிட்டால், ஐம்பது வயது தாண்டிய ஒருவர் நள்ளிரவில் தனியாக நின்றே ஒவ்வொன்றாகச் சுருட்டலாம், மற்றவர் உறங்கலாம்.

காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு முன்னால் போகும்; இது எல்லோருக்கும் புரியும். பக்கவாட்டுக் காற்றில், ஏன், ஓரளவு எதிர்க்காற்றிலும்கூட அது முன்னேறுவதுதான் அதிசயம். விரிந்த பாய் விமான இறக்கையைப் போல வளைந்திருக்கிறது. காற்று அதன் இரு முகங்களையும் தழுவிப் போகும்போது ஒரு முகத்தில் அழுத்தம் குறைகிறது. பாய் அந்தப் பக்கம் இழுபடுகிறது. இந்த இழுப்பில் பெரும்பங்கு பக்கவாட்டில், சிறுபங்குதான் முன்னோக்கி. பக்கவாட்டு நகர்வைத் தடுக்கப் படகின் அடியில் நீருக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது ஏராக்கட்டை. பக்கவாட்டில் போக வழியில்லாத படகு, விரல்களுக்கிடையில் நசுக்கிய மாங்கொட்டை போல முன்னே வழுக்குகிறது. நேர் எதிர்க்காற்றில் மட்டும் முடியாது. சுமார் 45 பாகை விலகி, ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என்று கோணல்மாணலாகத்தான் ஏற வேண்டும். நம் கட்டுமரக்காரர்கள் மரங்களின் இடுக்கில் பலகை ஒன்றை நீருக்குள் செருகிப் பாய் ஓட்டுவதும் இதே தத்துவம்தான்.

ஏராக்கட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் அடியில் டன் கணக்கில் ஈயம். தஞ்சாவூர்ப் பொம்மையைச் சாய்த்துவிட்டால் நிமிர்வது போல, காற்று படுக்கவைத்தாலும் படகு எழுந்துவிடும். முழுதாகக் கவிழ்ந்தாலும் நிமிர்ந்துவிடும், உள்ளே தண்ணீர் நிறையாத வரைக்கும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் ஸ்மீட்டன்களின் உயிர் ஊசலாடியது.

விற்காத படகிலேயே ஆஸ்திரேலியா வரை போயிருந்தவர்கள், 1956 டிசம்பர் கடைசியில் மெல்போர்னிலிருந்து புறப்பட்டு, தென்னமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றி இங்கிலாந்து போவது என்று முடிவு செய்தார்கள். ஜான் கஸ்வெல் என்ற இளைஞர் உடன் வந்தார். தன் கையால் கட்டிய இருபதடிப் படகில் தனியே உலகைச் சுற்றிக்கொண்டிருந்தவர். கூடவே ப்வே என்ற சயாமியப் பூனை. அந்தத் தென்கடலில் மேற்குக் காற்றைத் தடுக்கக் கரையே கிடையாது. பூமியைச் சுற்றிச் சுற்றி வரும் காற்று, ஆயிரக்கணக்கான மைல் தூரம் அலையை வளர்த்துக்கொண்டே வரும். இன்ப துன்பம் இரண்டும் அங்கே ஒரே காற்றில் வருகின்றன. எஞ்சின் இரைச்சல் இல்லாமல், அலை முதுகில் ஏறி இறங்கி நாளெல்லாம் ஓடும் சுகத்துக்காகத்தான் மனிதர்கள் இதைச் செய்கிறார்கள்.

1957 பிப்ரவரி 14. சிலிக்கு மேற்கே சுமார் ஆயிரம் மைல். படகு அலைச்சரிவில் தறிகெட்டு ஓடாமலிருக்க, பின்னால் 360 அடி வடத்தை நீரில் இழுத்துக்கொண்டு காற்றோடு போய்க்கொண்டிருந்தார்கள். சுக்கானைப் பிடித்திருந்தவர் பெரில். மற்ற இருவரும் கீழே. பின்னால் சுவர் போல ஓர் அலை எழுந்தது. படகின் முன்முனையான அணியம் நீரில் குத்தி நிற்க, பின்புறம் தலைக்கு மேலே தூக்கப்பட்டு, படகு நீளவாக்கில் குட்டிக்கரணம் அடித்தது. இடுப்புக் கயிறு அறுந்து, முப்பது கெஜத்துக்கு அப்பால் கடலில் கிடந்தார் பெரில். அங்கிருந்து பார்த்தால் படகு நிமிர்ந்திருக்கிறது, ஆனால் பாய்மரங்கள் இல்லை. காயத்தோடு நீந்தி, ஒடிந்து மிதந்த மரத்தைப் பற்றினார். இழுத்து ஏற்றினார்கள்.

ஈயம் தன் வேலையைச் செய்துவிட்டது. தோற்றவை மற்றவை: இரு மரங்கள், சுக்கான், மேல்தளத்து அறை. அறை பெயர்ந்த இடத்தில் ஆறடிக்கு ஆறடி ஓட்டை. அடுத்த அலை உள்ளே விழுந்தால் கதை முடிந்தது. கஸ்வெல் கையில் கிடைத்த மரத்தையும் பாய்த்துணியையும் வைத்து ஓட்டையை அடைத்தார். கணவனும் மனைவியும் வாளி வாளியாக இறைத்தார்கள். பிறகு உள்ளிருந்த மரச்சாமான்களை அறுத்துத் தற்காலிகப் பாய்மரமும், சுக்கானுக்குப் பதிலாக ஒரு நீண்ட துடுப்பும் செய்தார் கஸ்வெல். மார்ச் மாதம் சிலியின் கொரோனெல் துறைமுகத்தை, யார் உதவியும் இல்லாமல் அடைந்தார்கள். பூனையும் பிழைத்தது.

மரப் பாய்மரப் படகின் மேல் எனக்கு மதிப்பு கூடியது இந்த இடத்தில்தான். கையால் செய்ததைக் கையால் திரும்பச் செய்யலாம். கடை இல்லாத நடுக்கடலில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு எது?

செப்பனிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி புறப்பட்டார்கள். இம்முறை கஸ்வெல் இல்லை, இருவர் மட்டும். முன்பு அலையோடு ஓடியதுதான் தவறோ என்று எண்ணத் தோன்றும் அல்லவா? புயல் வந்தபோது எல்லாப் பாய்களையும் இறக்கி, படகைத் தன்போக்கில் மிதக்க விட்டார்கள். அப்படி விட்ட படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கும். டிசம்பர் 26 அன்று ஓர் அலை அதைப் பக்கவாட்டில் உருட்டிப் போட்டது. மறுபடியும் இரு மரங்களும் போயின. மறுபடியும் படகு நிமிர்ந்தது. மறுபடியும் இறைத்து, ஒட்டுப்போட்டு, சிலிக்கே திரும்பினார்கள். போதிய அளவு உயர்ந்து செங்குத்தாக உடையும் அலைக்கு முன்னால், ஓடுவதும் கைகொடுக்காது, மிதப்பதும் கைகொடுக்காது. சிறுபடகு மாலுமிகள் இன்றும் இந்த இரண்டு விபத்துகளையும் அருகருகே வைத்து விவாதிக்கிறார்கள்.

அச்சத்தில் கடலை விட்டுவிட்ட ஜோடி அல்ல இது. 1939இல் டென்சிங் நோர்கேயுடன் இந்துகுஷ் மலையின் திரிச் மிரில் ஏறியவர்கள். இந்த விபத்துகளுக்கு அடுத்த பத்தாண்டுகளில் ஐரோப்பா, இந்தியப் பெருங்கடல், ஜப்பான், அலூஷியன் தீவுகள் என்று அந்தப் படகிலேயே வாழ்ந்தார்கள். மைல்ஸ் எழுதிய பயண நூல்களில் விபத்தைவிட அந்த அன்றாடத்துக்கே அதிக இடம்.

1968இல் மூன்றாவது முறை கேப் ஹார்னுக்குப் போனார்கள், உதவிக்கு ஓர் இளம் மாலுமியுடன். இம்முறை கிழக்கிலிருந்து மேற்காக, மேற்குக் காற்றை எதிர்த்து, கடினமான திசையில். பெரிலுக்கு வயது 63, மைல்ஸுக்கு 62. முனையைச் சுற்றி முடித்தபோது ட்சூ ஹாங்கின் இரண்டு மரங்களும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தன.