முயலின் முறை காலை ஐந்து மணி

அறுபது ஆண்டுச் சுழற்சி நமக்கு மட்டுமே உரியது என்று நம்மில் பலர் எண்ணியிருப்போம். சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளிலும் அது உண்டு. அறுபது நிறைந்தவர்களுக்கு அங்கும் விழா எடுக்கிறார்கள். அந்தச் சுழற்சியில் பன்னிரண்டு விலங்குகள் முறை வைத்து ஆண்டுக்குப் பெயர் கொடுக்கின்றன. எலி, எருது, புலி ஆகியவற்றை அடுத்து நான்காவது இடம் முயலுக்கு. வியட்நாமில் மட்டும் அந்த இடத்தில் பூனை. 2023 முயல் ஆண்டு. அடுத்தது 2035இல் வரும்.

ஆண்டில் மட்டுமல்ல, நாளிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஒரு விலங்குக்கு இரண்டு மணி நேரம். முயலின் முறை காலை 5 முதல் 7 வரை. அதன் திசை கிழக்கு. இரயில்வேயில் பல ஆண்டுகள் ஷிப்ட் பார்த்த எனக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துப் போயிற்று.

கொரியாவின் கியோங்ஜு நகரில், 673இல் மறைந்த தளபதி கிம் யூ-சின் கல்லறை மேட்டைச் சுற்றி இந்தப் பன்னிரண்டும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. மனித உடல், விலங்குத் தலை, கையில் ஆயுதம். நாம் சாது என்று நினைக்கும் முயலும் அங்கே காவலாளிதான்.

ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் சுவையானது பீஜிங்கில் யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டத்தில் இருந்த நீர்க்கடிகாரம். 18ஆம் நூற்றாண்டில் சியான்லோங் பேரரசருக்காக அமைக்கப்பட்டது. வடிவமைத்தவர் இத்தாலிய ஏசு சபைத் துறவி காஸ்டிலியோனே. நீரேற்றும் பொறுப்பு பிரெஞ்சுத் துறவி பெனுவாவுக்கு. அவர் படித்ததோ கணிதமும் வானியலும்! நூல்களைப் பார்த்தே நீரூற்று வேலையைக் கற்றுக்கொண்டார்.

குளத்தின் இருபுறமும் ஆறு ஆறாகக் கல் உருவங்கள். தலைகள் மட்டும் வெண்கலம். எந்த விலங்கின் நேரமோ அதன் வாயிலிருந்து தண்ணீர் பீச்சும். விடியற்காலை முயல் பீச்சும். நண்பகலில் பன்னிரண்டும் ஒன்றாகப் பீச்சும். நிலையங்களின் தண்ணீர் ஏற்பாட்டைக் கவனித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பம்பு, மேல்தொட்டி, குழாய், வால்வு எல்லாம் நாள்தோறும் கவனிப்பு கேட்பவை. 1774இல் பெனுவா மறைந்தார். அதன்பின் இயந்திரங்களைப் பராமரிப்பது நின்றுபோயிற்று. பேரரசர் வரும் நாட்களில் ஆட்களே தண்ணீர் சுமந்து ஊற்றினார்களாம்.

1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அரண்மனையைச் சூறையாடின. அதைக் கொளுத்த உத்தரவிட்ட எல்ஜின் பிரபுதான் 1862இல் நம் நாட்டுக்கு வைஸ்ராயாக வந்து, மறு ஆண்டே தர்மசாலாவில் இறந்தார். வெண்கலத் தலைகள் காலப்போக்கில் திசைக்கொன்றாகச் சிதறின.

2009 பிப்ரவரியில் பாரிசில் முயல் தலையும் எலித் தலையும் ஏலத்துக்கு வந்தன. ஒவ்வொன்றும் 1 கோடியே 40 இலட்சம் யூரோவுக்குப் போயிற்று. ஏலம் எடுத்த சீனர், கொள்ளைப் பொருளுக்குப் பணம் தர முடியாது என்று மறுத்துவிட்டார். பின்னர் பிரெஞ்சுத் தொழிலதிபர் பினோவின் குடும்பம் இரண்டையும் வாங்கி, 2013இல் சீனாவுக்கே அளித்தது. இதுவரை ஏழு தலைகள் சீனா திரும்பியுள்ளன.

திருடியவர்கள் மேல் நமக்குக் கோபம் வருவது நியாயமே. ஆனால் அந்தக் கடிகாரத்தைப் படைகள் வந்து நிறுத்தவில்லை. அதை ஓட்டத் தெரிந்தவர் போனதும் அது நின்றுவிட்டது. கோடிகள் கொடுத்து முயலின் தலையை மீட்கலாம். காலை ஐந்து மணிக்கு அதன் வாயில் தண்ணீர் வரவழைக்கும் வித்தையை மீட்பது அவ்வளவு எளிதல்ல. சமையலோ, பாட்டோ, பட்டறை வேலையோ, நம் வீட்டில் ஒருவருக்கே தெரிந்த வேலை ஒன்று இருக்குமானால், அவர் நம்மோடு இருக்கும்போதே இன்னொருவர் அருகில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும்.