கடை வாங்கும்போது கையெழுத்தும் திகதியும்



பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் ஈ.பி.எப். காசை எடுக்கலாம். அந்தக் காசில் பிள்ளைக்கு ரோட்டோரத்தில் ஒரு சில்லறைக் கடை வாங்கிக் கொடுப்போம் என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. நல்ல எண்ணந்தான். ஆனால் கொழுந்து பறித்துச் சேர்த்த காசு ஒரு கடதாசியில் போய்விடக் கூடாது.

கடைக்காரர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். "அட்வான்ஸக் குடுத்துட்டு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணே, திகதியப் பொறகு போட்டுக்கலாம்" என்பார். நாமும் முகத்துக்காகப் போட்டு விடுகிறோம். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

எப்படி என்று பாருங்கள். கடையை மார்ச் 1ஆம் திகதி ஒப்படைப்பதாகப் பேச்சு. பெப்ரவரியில் வேனில் வந்து இறங்கிய பிஸ்கட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் பழைய முதலாளி காசு கட்டவில்லை. கரண்ட் பில்லும் பாக்கி. கடை கைமாறிய திகதி எழுத்தில் இருந்தால், அது அவருடைய கடன் என்று காட்டலாம். இல்லாவிட்டால் கடையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மகனிடந்தான் வந்து கேட்பார்கள்.

ஆகவே இரண்டு திகதிகள் வேண்டும். ஒன்று கையொப்பமிட்ட திகதி, மற்றது கடையை ஒப்படைக்கும் திகதி. ஒவ்வொருவரும் தம் கையெழுத்துக்குப் பக்கத்தில் அன்றைய திகதியைத் தாமே எழுத வேண்டும். அவர் இரண்டு நாள் கழித்துக் கையெழுத்து வைத்தால், அந்த நாளைத்தான் எழுத வேண்டும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 5.6 என்றால் மே மாதமா, ஜூன் மாதமா என்று பிறகு சண்டை வரும்.

பேசியபடி கடையைத் தராவிட்டால் வழக்கு வைக்கவும் காலக்கெடு உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப் பேச்சுக்கு 3 வருடந்தான். பேச்சு மீறப்பட்ட நாளிலிருந்து இது கணக்கு. திகதியே இல்லையென்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது?

இன்னொரு விசயம். சாமான்களை விற்பது வேறு, கட்டிடத்தை விற்பது வேறு. காணி, கட்டிடம் விற்பதானாலும், ஒரு மாதத்துக்கு மேல் குத்தகைக்குக் கொடுப்பதானாலும், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். 1840இலிருந்து இதுதான் சட்டம். சாதாரண கடதாசி செல்லாது. கட்டிடம் தோட்டக் காணியில் இருந்தால், காசு கொடுக்க முந்தி தோட்டத்து ஒபிசில் விசாரியுங்கள். தனக்குச் சொந்தமில்லாததை அவர் எப்படி விற்பார்?

கடதாசி சிங்களத்திலோ இங்கிலீசிலோ இருந்தால், அவர் கூட்டி வந்த ஆளிடமல்ல, உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து முழுசா வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கைநாட்டு வைப்பவர்கள் இதில் வெட்கப்பட வேண்டாம். இடையில் வெறுமையாக விட்ட இடங்களைக் கோடு போட்டு மூடுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரையே எழுதுங்கள். கடை அண்ணன் தம்பி இருவர் பெயரில் என்றால் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். ஒருவர் கொழும்பில் இருக்கிறார் என்றால் அவர் வரும்வரை அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள்.

பிறகு பிரதேச செயலகத்துக்குப் போய் வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றிக் கேளுங்கள். இரு தரப்பும் கையொப்பமிட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அதைப் பொலித்தீனில் சுற்றி, லயத்தில் கூரை ஒழுகாத பக்கமாகப் பார்த்து, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடு வையுங்கள்.