மடக்குக் கத்தியில் காசு எங்கே போகிறது?

ஸ்கவுட்ஸ், கேம்பிங், மீன்பிடி என்று பழகின பிள்ளைங்க 18 வயசு ஆனதும் கேட்கிற பரிசுகளில் இதுவும் ஒன்று: நல்ல மடக்குக் கத்தி. விலை 300, 400 பவுண்டு. 'ஒரு பேனாக்கத்திக்கா இவ்வளவு?' என்று வாய் வரைக்கும் வரும். கேள்வி நியாயமானதுதான். பிரான்ஸின் ஒபினெல் கத்தி அதில் சின்னப் பங்கு விலைக்குக் கிடைக்குது, ஆப்பிளும் கயிறும் அழகா வெட்டுது. கூர்மைக்காக யாரும் 400 பவுண்டு கொடுக்க வேண்டியதில்லை. காசு போவது பாகங்கள் பொருந்துற துல்லியத்துக்கு. அது இருக்கா இல்லையா என்று கையில் எடுத்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

முதலில் கத்தியைத் திறந்து, பிடியை ஒரு கையில் இறுக்கிப் பிடிங்க. இன்னொரு கையால் பிளேடின் இரண்டு பக்கத்தையும் பிடித்து (கூர் பக்கம் விரல் போகாமல்) இடம் வலமா ஆட்டிப் பாருங்க. ஆடக் கூடாது. ஆடினால் கடைக்காரர் திருகாணியை ஒரு சுற்று இறுக்கிக் காட்டுவார், ஆட்டம் நிற்கும். அங்கே விட்டுடாதீங்க, மறுபடி மடக்கித் திறந்து பாருங்க. மலிவான கத்தியில் ஆட்டம் நின்றால் பிளேடு இறுகிப்போகும், பிளேடு சுலபமா ஓடினால் ஆட்டம் வந்துவிடும். இரண்டும் சேர்ந்து அமைவது துல்லியமா கடைந்த கத்தியில்தான். என்னைக் கேட்டால், இந்த ஒரு சோதனையே பாதி பதில்.

அடுத்து மேலும் கீழுமா ஆட்டிப் பாருங்க. இந்த ஆட்டம் திருகாணியால் சரியாகாது. லாக்கே சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்படி இருந்தால் திருப்பிக் கொடுத்துடுங்க. லாக் வழுக்கினால் பிளேடு மடங்குவது பிள்ளையின் விரல் மேல்.

அமெரிக்காவின் ஐடஹோவில் கிறிஸ் ரீவ் கம்பெனி செய்யும் செபென்ஸா இந்த வகையில் பேர் பெற்றது. ரீவ் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். செபென்ஸா என்றால் ஜூலு மொழியில் 'வேலை'. டைட்டானியப் பிடியிலேயே வெட்டி எடுத்த ஒரு பட்டை, பிளேடு திறந்ததும் உள்ளே வளைந்து வந்து அதன் அடிப்பகுதியைத் தாங்கும். அந்தப் பட்டை எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று பாருங்க. ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றால் வழுக்கலாம். மறுபக்கம் வரைக்கும் போய்விட்டால் இனித் தேய இடமில்லை. புதுக் கத்தியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நல்லது. டைட்டானியம் எஃகைவிட மென்மை, அதனால் தேயும். சில கம்பெனிகள் அந்த முனையில் எஃகுத் துண்டு வைக்கும். செபென்ஸா 31-இல் ஒரு செராமிக் குண்டு இருக்கு.

மூடினபோது பிளேடு நட்டநடுவில் நிற்கணும் என்று பலர் பிடிவாதமா இருப்பாங்க. உள்சுவரில் உரசாத வரைக்கும் ஒரு மயிரிழை விலகினால் எனக்குக் கவலை இல்லை. இரண்டு பக்கச் சாணையும் ஒரே உயரத்தில் இருக்கா என்பதுதான் முக்கியம், அதைத் திருகாணியால் சரிசெய்ய முடியாது. எஃகின் பெயருக்கும் மயங்க வேண்டாம். ஒரே எஃகு, பதப்படுத்துகிற விதத்தால் நல்லதாகவும் ஆகும் கெட்டதாகவும் ஆகும். கடையில் கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அந்த ஒன்றுக்கு மட்டும் செய்தவரின் பெயரை நம்பித்தான் ஆகணும். பெயர் பெற்ற கத்திகளுக்குப் போலிகளும் நிறைய உண்டு, அதனால் கம்பெனி அங்கீகரித்த கடையில் மட்டும் வாங்குங்க.

சட்டத்தையும் பார்த்துடுங்க. இங்கிலாந்தில் தக்க காரணம் இல்லாமல் வெளியே கொண்டுபோக அனுமதி உள்ளது 3 அங்குலத்துக்கு மேற்படாத, லாக் இல்லாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான். செபென்ஸா அதில் சேராது. கேம்புக்குக் கொண்டுபோகலாம், டவுனுக்குப் போகிற பாக்கெட்டில் அது மறந்துபோய்க் கிடந்தால் வழக்கு. கனடாவில் கையை உதறினாலே திறந்துகொள்ளும் கத்தி தடைசெய்யப்பட்ட ஆயுதம். அங்கே தளர்ந்த திருகாணிகூட வம்பில் கொண்டுபோய் விடலாம். மூடின கத்தியைத் தலைகீழா உலுக்கிப் பார்ப்பது அதற்காகவும்தான். பிளேடு அசையக் கூடாது.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு என் யோசனை, ஷெஃபீல்டில் கையால் செய்கிற, லாக் இல்லாத பழைய பாணிக் கத்தி. அதில் பார்க்க வேண்டியது முதுகிலுள்ள வில். கத்தியை வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரியக் கூடாது. திறந்தாலும் மூடினாலும் வில் தகட்டோடு சமமா இருக்கணும். மூடும்போது 'டக்' என்று சத்தம் கேட்கணும்.

இதையெல்லாம் பெட்டியைப் பிரித்த அன்றே பாருங்க. ஒரு மாம்பழம் நறுக்கின பிறகு எந்தக் கடைக்காரரும் லேசில் திரும்ப வாங்க மாட்டார்.