முப்பத்தைந்து நாளில் ஆயிரம் மீட்டர்

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டதாகச் செய்தி வந்ததும் வீட்டில் பாயசம் வைக்கிறோம். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்குத் தொலைபேசியில் சொல்கிறோம். அதன் பின் வரும் அழைப்புக் கடிதத்தை மட்டும் அவ்வளவு கவனமாகப் படிப்பதில்லை. அதில் 'உடல்திறன் தேர்வு' என்று ஒரு பத்தி இருக்கும். ஆண்டுக்கணக்கில் கண்விழித்துப் படித்த பிள்ளைகள் பலர் வேலையை இழப்பது அந்த இடத்தில்தான்.

தில்லியில் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் பூங்காவில் நடக்கும்போது நம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் யாராவது வந்து, "சார், பையனுக்கு அடுத்த மாதம் ஓட்டம் இருக்கிறது, ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதையே இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு 22 வயது. இரயில்வேயின் முதல் நிலைப் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். உடல்திறன் தேர்வுக்குச் சரியாக ஐந்து வாரம் இருந்தது. "இவள் பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை சார்" என்றார் அம்மா. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அண்ணன் அதற்கு முந்தைய ஆள்சேர்ப்பில் இதே கட்டத்தில் தோற்றவன் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் இலக்கை அறிவோம்

இரயில்வே முதல் நிலைப் பணிக்கு ஆண்கள் 1000 மீட்டரை 4 நிமிடம் 15 வினாடியிலும், பெண்கள் 5 நிமிடம் 40 வினாடியிலும் ஓட வேண்டும். அத்துடன் ஆண்கள் 35 கிலோ, பெண்கள் 20 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு, கீழே வைக்காமல் 2 நிமிடத்திற்குள் 100 மீட்டர் கடக்க வேண்டும். இரண்டுக்குமே ஒரே வாய்ப்புத்தான்.

இரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் பணிக்கு ஆண்களுக்கு 1600 மீட்டர், 5 நிமிடம் 45 வினாடி. பெண்களுக்கு 800 மீட்டர், 3 நிமிடம் 40 வினாடி. மத்தியக் காவல் படைகளின் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 5 கிலோமீட்டர், 24 நிமிடம், பெண்களுக்கு 1.6 கிலோமீட்டர், எட்டரை நிமிடம். சென்ற சில ஆள்சேர்ப்புகளில் இருந்துவந்த அளவுகள் இவை. உங்கள் கடிதத்தில் அச்சிட்டிருப்பதே இறுதியானது.

இந்த எண்களைச் சுற்றுக்கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். விளையாட்டு அரங்கின் ஒரு சுற்று 400 மீட்டர். 1000 மீட்டர் என்பது இரண்டரைச் சுற்று. 5 நிமிடம் 40 வினாடி என்றால் 200 மீட்டருக்கு 68 வினாடி. ஆண்களுக்கு 51 வினாடி. 24 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 115 வினாடி. இப்படிப் பிரித்துப் பார்த்தால் பயம் பாதி குறையும். அந்தப் பெண் முதல் நாள் இரண்டு இடத்தில் நடந்து, 1000 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தாள். குறைக்க வேண்டியது 80 வினாடி. நம்பிக்கையான கணக்குத்தான்.

ஐந்து வாரத்தில் உடம்பில் என்ன மாறும்?

ஓடத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகரிக்கிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது. நான்கு முதல் ஆறு வாரத்தில் தசைகள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் உயர்கிறது. மூச்சு இரைப்பது குறைவதும், கால் கனம் விடுபடுவதும் இதனால்தான்.

எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் இந்த வேகத்தில் பலப்படுவதில்லை. அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். இரண்டாவது வாரத்தில் மூச்சு சரியாகிவிடும். உற்சாகத்தில் தினமும் ஓடுவார்கள். மூன்றாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடித்துக்கொள்ளும். அந்தப் பெண்ணின் அண்ணனுக்கு நடந்தது இதுவே. தினமும் தார்ச் சாலையில் முழு வேகத்தில் ஓடியிருக்கிறான். தேர்வு நாளன்று நொண்டிக்கொண்டு போனான். அவன் உழைக்காமல் தோற்கவில்லை, ஓய்வெடுக்காமல் தோற்றான்.

ஆகவே விதி இதுதான்: வாரத்தில் நான்கு நாள் ஓட்டம் போதும். இடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு அல்லது நடை. தாரிலும் சிமெண்டிலும் ஓடுவதைவிடப் பூங்காவின் மண்பாதை நல்லது.

வாரவாரித் திட்டம்

இது பெண்களின் 1000 மீட்டருக்கு வகுத்தது. மற்றவர்கள் தங்கள் இலக்கு வேகத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். 5 கிலோமீட்டர் ஓடுபவர்கள் மெல்லோட்டத்தின் நேரத்தை 35, 40 நிமிடம் வரை படிப்படியாகக் கூட்ட வேண்டும். அவர்களுக்கு ஐந்து வாரம் குறைவு. எழுத்துத் தேர்வு முடிந்த மறுநாளே தொடங்குவது நல்லது.

முதல் வாரம்: ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

இரண்டாம் வாரம்: மூன்று நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை. ஆறு முறை. ஒருநாள் மட்டும் இதன் முடிவில் 100 மீட்டரைச் சற்று வேகமாக நான்கு முறை ஓடி, ஒவ்வொரு முறையும் நடந்து திரும்புங்கள்.

மூன்றாம் வாரம்: இரண்டு நாள் 20 முதல் 25 நிமிடம் நிற்காத மெல்லோட்டம். மற்ற இரண்டு நாள் 200 மீட்டரை 64 வினாடி வேகத்தில் ஆறு முறை. ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நிமிடம் நடை.

நான்காம் வாரம்: ஒருநாள் 400 மீட்டரை 132 வினாடியில் மூன்று முறை, நடுவில் மூன்று நிமிடம் நடை. இரண்டு நாள் மெல்லோட்டம். வாரக் கடைசியில் கடிகாரம் வைத்து 1000 மீட்டர் ஒத்திகை.

ஐந்தாம் வாரம்: எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். ஒருநாள் 200 மீட்டர் மூன்று முறை, ஒருநாள் 15 நிமிட மெல்லோட்டம். கடைசி இரண்டு நாளும் நடை மட்டும். இந்த வாரத்தில் கூடுதலாக ஓடி எதையும் சேர்க்க முடியாது. களைப்பைத்தான் சேர்க்க முடியும்.

ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் பத்து நிமிடம் வேகநடை, முடித்தபின் ஐந்து நிமிடம் மெதுநடை. இதைத் தவிர்க்காதீர்கள்.

எடை தூக்குவதற்கு வாரம் இரண்டு நாள் போதும். ஒரு சாக்கில் மணலோ அரிசியோ போட்டுப் பெண்கள் 8 கிலோவிலும் ஆண்கள் 15 கிலோவிலும் தொடங்கி வாரந்தோறும் கூட்டுங்கள். முதுகை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மூட்டையை உடம்போடு அணைத்து எழ வேண்டும். ஓட வேண்டியதில்லை, 100 மீட்டரை 2 நிமிடத்தில் நடந்தே கடந்துவிடலாம். மூட்டை கீழே இறங்காமல் இருப்பதுதான் முக்கியம்.

தில்லியின் காற்று

'அதிகாலையில் ஓடு' என்று ஊரில் சொல்வார்கள். தில்லியில் அது கோடைக்கு மட்டும் பொருந்தும். மே, ஜூனில் ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை நிலைமை வேறு. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, புகையையும் தூசியையும் மேலே போகவிடாமல் அழுத்தி வைக்கிறது. விடியற்காலையில்தான் அது மோசம். வெயில் ஏறிய பிறகு, நண்பகலிலிருந்து மாலை நான்கு மணிக்குள் ஓடுவது மேல். காற்றுத் தரக் குறியீடு மிக மோசமாக இருக்கும் நாளில் வெளியே ஓடாமல், வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கினாலும் போதும்.

அடுக்களையில் செய்ய வேண்டியது

இதற்கென்று டப்பாவில் விற்கும் மாவுகள் தேவையில்லை. ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு இட்லி. ஓடி வந்தபின் கேழ்வரகுக் கஞ்சி, சுண்டல், முட்டை, பருப்புச் சாதம் ஆகியவற்றில் வீட்டில் எது உண்டோ அது. உப்புப் போட்ட மோரைவிட நல்ல பானம் இல்லை. இந்த ஐந்து வாரத்தில் விரதம் வேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னொரு விஷயம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்கும். முதல் வாரமே இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உட்கிரகிக்கும். சாப்பிட்ட கையோடு காப்பி குடிக்கும் நம் வழக்கம் அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

எப்போது நிறுத்த வேண்டும்?

2024 ஆகஸ்டு பிற்பகுதியில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வு நடந்தது. ஆண்களுக்கு 60 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் என்று வைத்திருந்தார்கள். அந்தத் தேர்வையொட்டிப் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் அரசு தேர்வைச் சில நாட்கள் நிறுத்தி வைத்தது. அவர்களும் நம் பிள்ளைகளைப் போல் வேலைக்காக வந்தவர்கள்தாம்.

ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், இதயம் தாறுமாறாக அடிப்பது ஆகியவை நேர்ந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலோ, இதய மருத்துவரைப் பார்க்காமல் மேற்கொண்டு ஓடக் கூடாது. காய்ச்சல் இருக்கும்போதும், விட்ட சில நாட்களுக்கும் ஓட்டம் கூடாது. வெயிலில் ஓடுபவர் தள்ளாடினாலோ குழறிப் பேசினாலோ உடனே நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். மருத்துவ உதவியை அழையுங்கள். வண்டி வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். யாரோ கொடுத்த ஊசி, மாத்திரை எதையும் தொடக் கூடாது. வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது வலியை மறைக்கும், காயத்தை வளர்க்கும்.

தேர்வு நாளன்று

புதுக் காலணி வேண்டாம். பயிற்சியில் பழகியதையே அணியுங்கள். இரண்டு மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பிட்டுவிடுங்கள். காத்திருக்க நேரலாம் என்பதால் தண்ணீரும் வாழைப்பழமும் கையில் இருக்கட்டும். முறை வருமுன் ஐந்து நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்குங்கள்.

பெரும்பாலோர் தோற்பது முதல் 200 மீட்டரில்தான். விசில் ஊதியதும் கூட்டத்தோடு பாய்வார்கள். பாதியில் கால் கட்டிக்கொள்ளும். மற்றவர்கள் முந்தட்டும். நம் போட்டி அவர்களோடு அல்ல, கடிகாரத்தோடு. 66 வினாடிக்கு ஒரு 200 மீட்டர் என்று கடைசிவரை போனால் 5 நிமிடம் 30 வினாடியில் முடிந்துவிடும்.

அந்தப் பெண்ணிடம் நான் கடைசியாகச் சொன்னதும் இதுதான். நான்காம் வார ஒத்திகையில் 5 நிமிடம் 47 வினாடி எடுத்திருந்தாள். வீட்டில் எல்லோரும் கலங்கிவிட்டார்கள். "ஏழு வினாடிதானே, இன்னும் நாலு நாள் வேகமாக ஓடட்டுமே" என்றார் அவள் தந்தை. ஓய்வெடுக்கச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்ததுதான் ஐந்து வாரத்தில் எனக்குக் கடினமான வேலை. எனக்குப் பக்கபலமாக நின்றவன் அவளுடைய அண்ணன். தினமும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பாதையோரம் நின்றவனும் அவன்தான்.

தேர்வு முடிந்து வாசலிலிருந்தே அவள் தொலைபேசியில் பேசினாள். "முதல் சுற்றில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போயிட்டாங்க சார். அழுகையே வந்துடுச்சு. ஆனா நான் வேகத்தைக் கூட்டலை." ஓடி முடித்தது 5 நிமிடம் 31 வினாடியில். ஒன்பது வினாடி மிச்சம்.

அண்ணன் இப்போது காவலர் தேர்வுக்குத் தயாராகிறான். எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே வாரம் நான்கு நாள் ஓடுகிறான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது அதுவே: அழைப்புக் கடிதம் வரும் வரை காத்திருக்காதீர்கள். வந்துவிட்டதா, ஐந்து வாரந்தான் இருக்கிறதா, பதறவும் வேண்டாம். நிதானமாகத் தொடங்குங்கள், நிதானமாகவே ஓடி முடியுங்கள்.