ஆவணியில் வாடாத தோட்டம்

பாடசாலைத் தோட்டங்கள் பெரும்பாலும் ஆவணி மாதத்தில்தான் செத்துப்போகின்றன. சோளகம் வீசி மண் புழுதியாகக் கிடக்கும் வேளையில் தவணை விடுமுறையும் வந்துவிடும். தக்காளியும் கத்தரியும் நட்ட பிள்ளைகள் வீட்டில். வாளி தூக்க ஆளில்லை. பாடசாலை மீண்டும் தொடங்கும்போது காய்ந்த தடிகளே மிஞ்சியிருக்கும். பிள்ளைகளின் கவலையீனம் என்று இதைச் சொல்வது நியாயமன்று. பயிரைத் தெரிவு செய்த பெரியவர்கள் நாமே பிழை விட்டோம்.

வடபகுதிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையில்தான் கிடைக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கும் மழைநீரே கிணற்று நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். ஆகவே தோட்டத்தைத் தை மாதத்தில் அல்ல, ஐப்பசி முதல் மழையோடு தொடங்க வேண்டும். மழை ஓயுமுன் வேர் ஆழம் போய்விடும்.

எவற்றை நடலாம்? எமது வேலிகளிலும் பற்றைகளிலும் தாமாக நின்றவற்றையே நடலாம். தூதுவளை, முசுட்டை, முல்லை இருந்தால் இலைக்கஞ்சிக்குக் குறைவில்லை. ஆவரசம்பூவை உலர்த்தித் தேநீர் போடலாம். பிரண்டை கல்லிலும் பிழைக்கும். கரையோரத்தில் பூவரசு, கிளுவை, ஒரு மூலையில் முருங்கை. இவற்றின் பெயரையும் பயனையும் பிள்ளைகள் வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டு வந்து எழுதட்டும். புத்தகத்தில் தேடுவதிலும் இது நல்லது.

முதல் வருடம் சிறிது தண்ணீர் தேவைதான். அதற்குப் பழைய மண்முட்டி போதும். கழுத்து மட்டும் வெளியே தெரியப் புதைத்து, நீர் நிரப்பி, சுற்றிவர ஒரு சாண் தூரத்துக்குள் கன்றுகளை நடுங்கள். முட்டியின் சுவரால் நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். வெய்யில் குடிப்பது குறைவு. பூச்சுப் பூசிய முட்டி உதவாது. வாயை ஓட்டினால் கட்டாயம் மூடவேண்டும், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும். பாடசாலை விடும்போது போத்தல்களில் மிஞ்சும் குடிநீரை முட்டிக்குள் ஊற்றும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்தலாம். சவர்க்கார நீரை வாழைக்கு விடுங்கள், கீரைக்கு வேண்டாம். மண்ணின் மேல் பூவரசங்குழையோ வைக்கோலோ பரவிவிட்டால் ஈரம் நிற்கும். குழை தாழ்த்திப் பழகிய கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

“இது எங்கட காணியில்லை, நாளைக்குப் போய்விடுவம், மரம் எதற்கு?” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. கேள்வி சரியானதே. ஆனால் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 2009 இற்குப் பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குப் பலர் திரும்பியபோது வளவு பற்றைக்காடாகக் கிடந்தது. எல்லை எதுவென்றே தெரியவில்லை. வேலி போடக் கதியால் வேண்டும். அதை வெட்டப் பிள்ளைகளைப் பற்றைக்குள் அனுப்ப முடியுமா? மிதிவெடி அகற்றி முடிந்ததென்று அறிவிக்கப்படாத இடத்தில் ஒரு தடியையும் தொடக்கூடாது.

பாடசாலை வேலியில் பூவரசும் கிளுவையும் நின்றால், ஊர் திரும்பும் குடும்பம் ஒரு கட்டுக் கதியாலோடும், ஒரு பொட்டலம் தூதுவளை விதையோடும் போகலாம். இதைப் பாடசாலை அதிபரோடு முன்கூட்டியே பேசி, யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மனஸ்தாபம் வராது.

கதியாலை வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சரிவாகவும் நுனியைத் தட்டையாகவும் வெட்டினால், தலைகீழாக நடும் பிழை நேராது. இதைச் செய்து காட்ட, தோட்டமின்றிச் சும்மா இருக்கும் அப்புமார் ஒருவரைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். கத்தியை அவரே கொண்டுவருவார்.