ஒரு கடனும் இல்ல, அப்புறம் ஏன் கார்டு ரிஜெக்ட்?

போன வாரம் வேலப்பன்சாவடியில இருந்து ஒரு தம்பி வந்தார். மாசம் 28,000 சம்பளம். “சார், இதுவரைக்கும் ஒரு ரூபா கடன் வாங்கினதில்ல. ஏன் கார்டு தரமாட்டேங்கறாங்க?”

அதுதாங்க பிரச்னையே. சிபில் ஸ்கோர் 300-ல இருந்து 900 வரை. கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் இருக்காது. ரிப்போர்ட்ல ‘என்ஹெச்’ இல்லன்னா -1னு வரும். மோசமான ஆளுன்னு அர்த்தம் இல்ல. உங்களப் பத்தி பேங்க்குக்கு எதுவும் தெரியல, அவ்வளவுதான்.

தம்பி கோபத்துல இன்னும் மூணு பேங்க்ல அப்ளை பண்ணிட்டார். ஒவ்வொரு அப்ளிகேஷனும் ரிப்போர்ட்ல பதிவாகும். நீங்க அதைப் பண்ணாதீங்க.

முதல்ல காரணத்தைக் கேளுங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டு மறுத்தா காரணத்தை எழுத்துல சொல்லியாகணும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலுமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். நீங்க வாங்காத கடன் அதுல இருந்தா உடனே புகார் கொடுங்க.

எல்லாம் சரியா இருந்தா, சம்பளக் கணக்கு இருக்கற பேங்க்லயே எஃப்டி மேல கார்டு கேளுங்க. 20,000 போட்டா பெரும்பாலும் 16,000 – 18,000 லிமிட் கிடைக்கும். ரீசார்ஜ், பெட்ரோல்னு மாசம் 4,000 தாண்டாம பாத்துக்கோங்க. பில்லுல ‘மினிமம் டியூ’ன்னு சின்னதா ஒரு தொகை ஆசை காட்டும். அதை மட்டும் கட்டினா, பல கார்டுகள்ல மாசம் 3 சதவீதத்துக்கும் மேல வட்டி ஏறும். டோட்டல் டியூவுக்கே ஆட்டோ டெபிட் போட்டுடுங்க.

ஒண்ணு, கார்டு இருக்கற வரைக்கும் அந்த எஃப்டியை உடைக்க முடியாது. தம்பிகிட்ட இருந்த சேமிப்பு மொத்தமே 30,000. அதுல 15,000-க்கு மட்டும் எஃப்டி போடச் சொன்னேன். மிச்சம் ஆஸ்பத்திரி, ஊருக்குப் போறதுன்னு அவசரத்துக்கு இருக்கட்டும்.